முகத்துவாரத்தில் பதினொரு விநாடி

அமுதத்துக்கு முன்னால் அவள் கொழுந்தன் புகழேந்தி படியேறி ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டான்.

"அண்ணி பின்னால வர்றாங்க டீச்சர். அதுக்குள்ள சொல்லிடுறேன். எங்க அண்ணன் தண்ணிக்கு மேல வரவே இல்லன்னு படத்துல தெரியுதுன்னு சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை கருமாதின்னு பேசியாச்சு. கண்ணால பாத்தாதான் நம்புவேன்னு அவங்க சோறு தண்ணி இல்லாம கெடக்குறாங்க."

கல்லூரி ஆசிரியை சஜிதா வாயைத் திறப்பதற்குள் அமுதம் வாசலில் நின்றாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, காலை ஏழு மணிக்கு, அவள் புருஷன் மருதையனின் ஃபைபர் படகு அரசலாற்று முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். படகு புரண்டதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை என்றார்கள். மருதையனின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் கல்லூரி மாடியிலிருந்து முகத்துவாரத்தைக் கடக்கும் படகுகளைக் கண்காணிக்கும் சஜிதாவின் கேமரா அந்தப் படகைத்தான் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. அதனால் அது எல்லாவற்றையும் பார்த்திருக்கும் என்று குப்பம் முழுக்க நம்பியது.

அமுதம் ஜன்னல் வழியே மாடிச் சுவரில் பதித்திருந்த கேமராக் குழாயைப் பார்த்தாள்.

"ஆடாம அசையாம ஒரே பக்கமா இருக்கு. இது எப்படி டீச்சர் படகு பின்னால போகும்?"

எப்போது கேட்டாலும் சஜிதாவுக்குப் பதில் சொல்லப் பிடித்த கேள்வி அது. இன்றும் கை தானாக மேஜை இழுப்பறைக்குப் போனது. குழாயின் முகப்பில் இருப்பவை போன்ற இரண்டு வட்டக் கண்ணாடிகளை எடுத்தாள். ஒவ்வொன்றும் ஒரு ஓரம் தடிமனாகவும் எதிர் ஓரம் மெலிந்தும் இருந்தது.

"இது வழியா வர்ற வெளிச்சம் தடிச்ச பக்கம் பாத்து வளையும்க்கா. ரெண்டையும் ஒரே பக்கம் தடிமனா வச்சா வளைவு ரெண்டு மடங்கு. எதிரெதிரா வச்சா ஒண்ணு வளைச்சத ஒண்ணு நிமித்திடும், பார்வை நேராப் போகும். ரெண்டையும் தனித்தனியாச் சுத்திவிட்டா பார்வைய எந்தப் பக்கமும் திருப்பலாம். உப்புக்காத்துல கேமராவ ஆட்ட வேண்டியதில்ல."

அமுதம் ஒரு கண்ணாடியை வாங்கிக் கண்ணருகே வைத்துச் சுற்றினாள். எதிர்ச்சுவரின் காலண்டர் இடத்தைவிட்டு நகர்ந்து ஒரு வட்டம் போட்டது.

"நல்லா ஏமாத்துது," என்று திருப்பிக் கொடுத்தாள். "படத்தப் போடுங்க."

திரையில் மருதையன் சுக்கான் பிடித்து நின்றான். ஒரு கையால் முகத்தைத் துடைத்தான். முன்னால் இருந்தவர் ஏதோ சொல்ல, சிரித்தான். படகு முகத்துவாரத்தின் நடுவுக்கு வந்து, அலையில் ஏறி இறங்கியது. சட்டென்று படம் வழுக்கியது. வானம். கருங்கல் தடுப்பு. மறுபடியும் வானம். பதினொரு விநாடி கழித்துத் திரும்பி வந்தபோது படகின் அடிப்பாகம் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"எங்க போச்சு?" என்றாள் அமுதம். "அந்த நேரத்துல எங்க பாத்துது?"

புகழேந்தி அவளுக்குப் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு வார்த்தை போதும். 'மேல வரல' என்று சொன்னால் முடிந்துவிடும்.

"கேமரா பாக்கலக்கா," என்றாள். "தப்பு என்னோடது."

தூரத்தில் போகிறவரைப் பார்க்கக் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். நம்மை உரசிக்கொண்டு போகிறவரைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். இந்தக் கண்ணாடிகளும் அப்படித்தான். ஓரத்தில் போகும் படகுக்கு மெல்லச் சுற்றினால் போதும். குழாய் நேராகப் பார்க்கும் நடுப்புள்ளியை ஒட்டிப் படகு குதித்தால், ஒவ்வொரு குதிப்புக்கும் அரைச்சுற்று ஓட வேண்டும். மோட்டார் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதைத் தவிர்க்கக் குழாயைக் கொஞ்சம் சாய்த்து, நடுப்புள்ளியை வெறும் வானத்தில் விட்டுவிட வேண்டும். பொருத்திய அன்றே கூட வேலை பார்க்கும் வினோதா சொன்னாள்: "நடுவுலதான் இருக்கணும்னு அடம்பிடிக்கிறியே, அது என்ன நெத்திப் பொட்டாடி?" முகத்துவாரம்தான் ஆபத்தான இடம், அது நட்டநடுவில் இருக்கட்டும் என்று சஜிதாதான் கேட்கவில்லை.

இதையெல்லாம் அமுதத்திடம் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை.

"அப்ப அவரு மேல வந்தாரா இல்லையான்னு இதுக்குத் தெரியாது."

"தெரியாதுக்கா."

"நீந்தி வேற பக்கம் போயிருந்தாலும் தெரியாது."

"அண்ணி!" என்றான் புகழேந்தி. "பன்னெண்டு நாளாச்சு அண்ணி."

"வெள்ளிக்கிழமை ஒண்ணும் வேணாம்னு பெரியவங்ககிட்ட சொல்லிடு, புகழு. நான் தாலியக் கழட்டல."

அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். சஜிதாவை நிமிர்ந்து பார்த்தான். "இன்னும் எத்தனை வருஷம் கடக்கரையில நிப்பாங்க தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் டீச்சர்."

அமுதம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "முன்னாடி சிரிச்சாருல்ல, அந்த எடத்தப் போடுங்க."

சஜிதா போட்டாள். படம் வழுக்கத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை," என்றாள் அமுதம்.