தலைக்கட்டுக்கு ஒரு ஊசி

ஊருணி வற்றிவிட்டது. நடுவில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மோந்து மோந்து ஒரு குடம் நிரப்புவதற்குள் வெயில் முதுகில் ஏறிவிடும். ஊர்க் கிணற்றில் உப்புத் தண்ணீர். குடிக்க இந்த ஊற்றை விட்டால் கருவக்குடிக்கு வேறு வழியில்லை.

அன்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரையேறிய சவுந்தரம்தான், திருச்சுழிப் பாதையில் வந்த கூண்டு வண்டியை முதலில் பார்த்தாள். வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சுகாதார இன்ஸ்பெக்டர் ராஜகுரு. மற்றவர் அம்மை குத்தும் பால்ச்சாமி. நரிக்குடிப் பக்கம் காலரா, மல்லாங்கிணறுப் பக்கம் பெரியம்மை. யுத்த காலம். கரியில் ஓடும் பஸ்ஸை நம்பிப் பயணம் போக முடியாது. அதனால் இரண்டு வேலைக்கும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள்.

சிலுவை வைத்த வேதக்கோயிலுக்கு முன்னால் இருந்த வேப்பமரத்தடியில் பெட்டியை இறக்கினார்கள். ஊர்ப் பெரியவர் ஞானையா எல்லா ஏற்பாட்டையும் செய்து முடித்திருந்தார். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

கருவக்குடியில் பொதுவேலை எதுவானாலும் தலைக்கட்டுக் கணக்குத்தான். ஊருணி தூர் வார வீட்டுக்கு ஒரு ஆள். கோயில் கூரை வேய வீட்டுக்கு ஒரு ஆள். ஒருவன் தலையில் இரண்டு சுமை ஏற்றக்கூடாது. ஊசிக்கும் அதே நியாயம், ஆளுக்கு ஒன்றுதான் என்று பேசி வைத்திருந்தார் ஞானையா.

"வெளியூரு போயி கண்ட தண்ணியக் குடிக்கிறது ஆம்பளைக. அவுகளுக்குக் காலரா ஊசி. வீட்டோட கெடக்குறது பொம்பளைக. அவுகளுக்கு அம்மை குத்து. புள்ளைகளுக்கு அடுத்த தடவை பாத்துக்கிடலாம்."

ராஜகுரு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, இது தூர் வாருற வேலையில்ல. எல்லாருக்கும் ரெண்டும் போடணும். இன்னைக்கே."

"ஒரே ஒடம்பு ரெண்டு மருந்தத் தாங்குமா?"

பால்ச்சாமி பெட்டியைத் திறந்தபடியே சொன்னார்: "சோறும் கொழம்பும் ஒரே வயித்துலதானய்யா போகுது? உங்க ஊருல வீட்டுக்காரர் சோத்தத் தின்னுட்டு, வீட்டுக்காரி கொழம்பக் குடிக்கிறாகளோ?"

கூட்டம் சிரித்தது. ஞானையா சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால் வரிசையும் மாறவில்லை. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம்.

சவுந்தரம் இடது கையில் அம்மை குத்திக்கொண்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே, ராஜகுருவின் பக்கம் போய் வலது கையை நீட்டினாள்.

"ஏ புள்ள, எங்க போற?" அவள் புருஷன் யாக்கோபு எட்டிப் பிடித்தான். அருப்புக்கோட்டைக்குப் பருத்திப் பொதி ஏற்றும் வண்டிக்காரன் அவன். தன் காலரா ஊசியை அப்போதுதான் போட்டுக்கொண்டு தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு கையும் வீங்கிப்போச்சுன்னா தண்ணிக்கு யாரு போவா?"

"நீங்க போங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கூட்டத்தில் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜான்ராஜ், "ஏலே யாக்கோபு, தலைக்கு வைக்கிற சும்மாடு எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கடா" என்றான். மறுபடி சிரிப்பு.

யாக்கோபுக்கு முகம் கறுத்தது. குடம் தூக்கும் ஆண் அந்த ஊரில் கிடையாது.

ராஜகுரு குறுக்கே வந்தார். "தம்பி, ரெண்டு கையும் ஒண்ணா வீங்காது. காலரா ஊசி இன்னைக்கு வலிக்கும், நாளைக்கு அடங்கிரும். அம்மை குத்துன எடம் அதுக்குப் பெறகுதான் பழுக்கும். ஒரு கை எப்பவும் வேலைக்கு இருக்கும்."

யாக்கோபின் காதில் அது ஏறவில்லை. சிரிப்புச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "ஒண்ணு போதும். நட வீட்டுக்கு."

"அடுத்த தடவை நான் எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது" என்றார் ராஜகுரு.

"வாரப்போ பாப்போம்" என்றான் யாக்கோபு.

சவுந்தரம் புருஷனைப் பார்த்தாள். ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு குடத்தை எடுத்தாள். அவர்களுடைய பிள்ளை அற்புதம் புழுதியில் விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு ஊசியும் போடவில்லை. மிஞ்சிய மருந்தோடு வண்டி திரும்பியது.

சித்திரை முடிவதற்குள் காலரா கருவக்குடிக்கு வந்தது. வெளியூர் போய் வந்த ஆண்களை விட்டுவிட்டு, வீட்டோடு கிடந்த பெண்களையும் பிள்ளைகளையும்தான் பிடித்தது. எல்லோரும் குடித்தது அந்த ஒரே ஊற்றுத் தண்ணீர்.

சவுந்தரம் விடிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் ஏறுவதற்குள் கண் குழி விழுந்துவிட்டது. "தண்ணி, தண்ணி" என்றாள். பானையில் இல்லை. பேதி கண்ட வீட்டுக்கு மோந்து கொடுக்க எந்தப் பெண்ணும் வரவில்லை.

யாக்கோபு குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனான். இடுப்பில் வைக்கத் தெரியவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு ஊர் நடுவே வந்தான். வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வந்து சேர்ந்ததும் அவளை வண்டியில் கிடத்தி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பாதி வழியில் அவள் தண்ணீர் கேட்பது நின்றது. மாட்டைத் திருப்பினான். சவத்தைத் தூக்க ஆள் வரவில்லை. வேதக்கோயில் உபதேசியாரும் அவனுமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

சாவு எண்ணிக்கை கூடிய பிறகு, அதே கூண்டு வண்டி மறுபடி வந்தது. அதே வேப்பமரம். ஞானையா இந்தத் தடவையும் முன்னால் நின்றார். "ஐயா, இப்போதைக்குக் காலரா ஊசி மட்டும் போடுங்க. போன தடவை அம்மை குத்தாதவுகளுக்கு அடுத்த தடவை குத்திக்கிடலாம். ஒரே நாள்ல ரெண்டு வேணாம்."

ராஜகுரு ஊசியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை சாவுக்குப் பிறகும் இதே பேச்சு.

யாக்கோபு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தான். "இதுக்கு ரெண்டும் போடுங்க. இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு. எனக்கு அம்மை பாக்கி. அதையும் குத்துங்க." பிள்ளை வீறிட்டு அழுதது. அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஜான்ராஜின் மனைவி ராஜாத்தி போன தடவை தாய் வீட்டில் இருந்தாள். அவளுக்கும் இரண்டும் பாக்கி. ஜான்ராஜ் தயங்கினான். "இவளுக்கு ஒண்ணு மட்டும் போடட்டும். ரெண்டு கையும் போச்சுன்னா வீட்டுல தண்ணிக்கு..."

சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

யாக்கோபு அவனை வெறித்துப் பார்த்தான். "ஏலே, ஒன் வீட்டுக்குத் தண்ணி நான் எடுத்தாரேன். ராஜாத்தியக் கைய நீட்டச் சொல்லு."

"நீயா? ஆம்பள குடம் தூக்கிக்கிட்டு..." என்றார் ஞானையா.

"பொணம் தூக்குன தோளுதானய்யா? குடம் தூக்குனா என்ன கொறஞ்சு போகும்?" யாக்கோபு கூட்டத்தின் பக்கம் திரும்பினான். கண்ணில் நீர் வரவில்லை. "நோய் தலைக்கட்டு பாத்து வாரதில்ல. ஆளு ஆளாத்தான் பிடிக்குது. எனக்குப் போட்ட ஊசி அவளக் காப்பாத்தல. ரெண்டு நோய்க்கு ரெண்டு ஊசின்னா, வந்த அன்னைக்கே ரெண்டு கையையும் நீட்டிறணும். அடுத்த தடவைன்னு நான் சொன்னேன். எம் பொண்டாட்டிக்கு அடுத்த தடவை வரல."

ஞானையா ஒதுங்கி வழிவிட்டார். ராஜாத்தி முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை ஒன்றாகச் சேர்ந்தது.

யாக்கோபு அழுகிற பிள்ளையை ஜான்ராஜின் கையில் கொடுத்தான். ஜான்ராஜ் வீட்டு வாசலில் கிடந்த குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு ஊருணியைப் பார்த்து நடந்தான்.