கடைசித் துடைப்புத் துணி

விடிவதற்கு முன்பே மழை விட்டுவிட்டது. ஆனால் அந்தப் பெட்டகத்தின் மேல் நீர் இன்னும் வழிந்துகொண்டுதான் இருந்தது. வீடு உயரம் இருக்கும் இரும்புப் பெட்டகம். அணு உலையில் எரிந்து மிச்சமான கழிவை வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு சரக்கு வண்டியில் வரும்; இந்த ரயில் யார்டில் இன்ஜின் மாற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும். போகுமுன் அதன் உடம்பில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது. அதற்குத்தான் ஒப்பந்தக்காரன் கூலிக்கு ஆட்களை வைத்திருந்தான். ஏணியில் ஏறி, இடுப்பை ஒடித்து, வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தகடுகளின் இடுக்கில் தோள்வரை கையை நுழைத்துத் துடைக்கிற வேலை. இறங்கி வரும்போது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கும்.

அந்தக் கூலி ஆட்களில் ஒருத்தி எல்லோருக்கும் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் வாய் அப்படி. மேஸ்திரிகூட அவளிடம் ஒரு வார்த்தை பேசுமுன் எச்சில் விழுங்கிக்கொள்வார்.

துடைப்பதில் ஒரு முறை இருந்தது. முதல் துணி கறுப்பாக வரும், அடுத்தது பழுப்பாக வரும். அவை மஞ்சள் டிரம்முக்குப் போகும். கடைசித் துடைப்புத் துணி மட்டும் போனபடியே வெள்ளை வெளேரென்று திரும்பும். கெட்டிப் பருத்தி, கடையில் காசை நீட்டினாலும் அப்படி ஒரு துணி கிடைக்காது. அதைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? போட வேண்டாம் என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார். டிரம் நிறைந்தால் அதைப் புதைக்கிற செலவு ஒப்பந்தக்காரன் தலையில் விழும். "வெள்ளையா இருக்கறதை எதுக்கு உள்ள போட்டு ரொப்புறீங்க? வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்பது அவருடைய தினப்படி உபதேசம். கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் உண்டு என்று அவர்களுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அக்கா சேர்த்ததில் முக்காலும் தங்கை வீட்டுக்குப் போயிற்று. எத்தனையோ ஏமாற்றத்துக்குப் பிறகு தங்கைக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. பெரியம்மா கொண்டுவந்த துணி என்று தங்கை அதை மடித்துக் குழந்தை இடுப்பில் கட்டினாள், மிச்சத்தில் சட்டை தைத்தாள். அந்தச் சட்டை நுனியை வாயில் திணித்துக்கொண்டு குழந்தை சப்புவதைப் பார்த்து அக்கா பூரித்துப்போவாள்.

இன்றைக்குத் துடைத்து முடித்ததும் வழக்கம்போல மீட்டர்காரர் கதிர்வீச்சை அளக்கும் கருவியோடு வந்தார். எப்போதும் அரைத்தூக்கத்தில் டிக் டிக்கென்று முனகுகிற கருவி, அடித்தகட்டுப் பக்கம் போனதும் அலறியது. மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று அவர் அதைத் தட்டினார், அணைத்துப் போட்டார். திரும்பவும் அலறியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பெயிண்டுக்குள்ள ஊறிக் கிடந்திருக்கு. ஈரம் பட்டதும் வேர்வை மாதிரி வெளியே வருது" என்றார். கிளம்பின இடத்தில் சுத்தமாக இருந்திருக்கும், வழியில் வேர்த்திருக்கும் என்றார். இது புதுசா என்று அக்கா கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். முந்தின மழைக்காலத்திலும் கொஞ்சம் வந்ததாம். மேலே சொன்னாராம். வாயை மூடிக்கொண்டிரு என்றார்களாம். அவரும் மூடிக்கொண்டாராம்.



வெயில் ஏறுகிற நேரத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி காரில் வந்து இறங்கினார். யாருடைய பாதுகாப்புக்கு அதிகாரி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உறை மாட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். பெட்டகத்தை அளக்கச் சொன்னார், வண்டியை அளக்கச் சொன்னார், தண்டவாளத்தை அளக்கச் சொன்னார். கடைசியில் தன் கார் டயரையும் அளக்கச் சொன்னார். அப்புறம் ஆட்கள் பக்கம் திரும்பி, மறுபடி ஒருமுறை துடைத்துவிடுங்கள், சாயந்தரத்துக்குள் வண்டி போயாக வேண்டும், கப்பல் காத்திருக்கிறது என்றார்.

"எங்களை எப்ப சார் அளப்பீங்க?" என்றாள் அக்கா.

"அதுக்கு அவசியம் இல்லை. சோப்பு போட்டுக் குளிச்சாப் போதும்."

"உங்க டயரையும் குளிப்பாட்டி விட்டிருக்கலாமே. அதை எதுக்கு அளந்தீங்க?"

யாரோ பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள். மீட்டர்காரர் யாரையும் பார்க்காமல் கருவியை அக்காவின் சட்டைக் கையருகே கொண்டுபோனார். அது படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தன் கை நினைவுக்கு வரவில்லை. அந்தக் குழந்தையின் வாய்தான் நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் நின்றவன் போனை அவள் தொடாதபடி காதோரம் பிடித்துக்கொண்டான். மீட்டர்காரர் சொல்லச் சொல்ல அவள் தங்கைக்குச் சொன்னாள். துணியை உதறாமல் மெள்ளக் கழற்று, குழந்தையை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டு, துணி எல்லாவற்றையும் வாளியில் போட்டு மூடிவை. ஏன் என்று தங்கை கேட்டதும், போனை எடுத்துவிடச் சொல்லி அக்கா தலையை ஆட்டினாள்.

பிறகு அவள் அதிகாரியிடம் வந்து, மெஷின் என் தங்கை வீட்டுக்கு வர வேண்டும் என்றாள். காரணத்தையும் சொன்னாள். துணி என்றதும் அவர் நெற்றி சுருங்கியது. மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ஒன்றும் தெரியாதுங்க ஐயா என்று மென்று முழுங்கினார்.

"துணியை வெளியே கொண்டுபோனது திருட்டு. எடுத்தவங்களுக்கு இன்னையோட வேலை இல்லை. யார் யார் எடுத்தீங்க, முன்னாடி வாங்க."

ஒருவரும் அசையவில்லை. அந்த ஊரில் இதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை, அது அவருக்கும் தெரியும். அக்கா முன்னால் வந்தாள்.

"நான் எடுத்தேன். திருட்டுன்னே வச்சுக்கோங்க சார். மெஷின் மட்டும் வீட்டுக்கு வரட்டும்."

"மெஷின் கேட்டைத் தாண்டாது. தாண்டினா ஊரே பீதியாகும்."

"ஊருக்குப் பீதி ஆகாது. குழந்தை உடம்புக்கு விஷம் மட்டும் ஆகுமா?"

அதிகாரி அவளைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்போதுதான் ஏணி பிடிக்கிற நெட்டை பேசினான். அவன் பேசி யாரும் கேட்டதில்லை. "நானும் எடுத்தேன். என் வீட்ல தலையணை உறை பூரா அதுதான்." அடுத்தவள் ஜன்னல் திரை என்றாள். இன்னொருவன், "நான் போட்டிருக்கற ஜட்டியே அதுதான் சார், கழட்டிக் காட்டவா?" என்றான். ஒருவர் பாக்கி இல்லாமல் முன்னால் வந்துவிட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்கள்தான், ஆனாலும் வந்தார்கள். வந்தவர்கள் இன்ஜினுக்கு எதிரே தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர்மேல் இருப்பது இன்னொருவர்மேல் ஒட்டிவிடக் கூடாதென்று கை எட்டாத தூரத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

மத்தியானத்துக்குள் செய்தி வீடுகளுக்குப் பரவியது. மூடின வாளிகளோடு பூட்டின கேட்டுக்கு வெளியே ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நடுவே தங்கையும் வந்தாள். கணவனின் பழைய சட்டையில் குழந்தையைச் சுற்றியிருந்தாள். கம்பி வழியாக அக்காவைப் பார்த்து அவள் கத்தவில்லை.

"நீதானேக்கா கொண்டுவந்து கொடுத்தே" என்றாள்.

அதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம். அக்கா எழுந்திருக்கவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. கை முகத்தில் படக் கூடாதென்று மடிக்கு மேலே தூக்கியபடியே வைத்திருந்தாள்.

இன்ஜினிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். நிரந்தர வேலை, இஸ்திரி போட்ட சட்டை. இந்தக் கூலி ஆட்களிடம் அவர் அதிகம் நின்று பேசியதில்லை. வழியை விடச் சொல்லிக் கத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கையில் அவருடைய டீ பிளாஸ்க் இருந்தது. அதைச் சுற்றியிருந்ததும் ஒரு வெள்ளைத் துணிதான். எப்போதோ அக்காவிடம் கேட்டு வாங்கியது. பிளாஸ்க்கோடு சேர்த்து அதை மஞ்சள் டிரம்முக்குள் போட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் இரும்புக் கைப்பிடியை எடுத்தார். இன்ஜினை முன்னும் பின்னும் திருப்புகிற கைப்பிடி அது. அது இல்லாமல் வண்டி ஓர் அங்குலம் நகராது. அக்காவுக்கு எதிரே ஜல்லிமேல் அதை வைத்தார்.

"கையில கொடுக்க முடியலேம்மா, கோவிச்சுக்காதீங்க. அவங்க கேட்டைத் திறக்கட்டும், அப்புறம் இதை எடுத்துக்கறேன்."

அதிகாரி போனில் கத்த ஆரம்பித்தார். போலீஸ் என்றார், வழக்கு என்றார், கப்பல் என்றார். மீட்டர்காரர் யார் உத்தரவும் கேட்காமல் கருவியைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். தங்கை குழந்தையைக் கம்பியோரம் கொண்டுவந்தாள். நில்லுங்க என்று அதிகாரி கூப்பிட்டார். மீட்டர்காரர் நிற்கவில்லை.

கேட் இன்னும் பூட்டித்தான் கிடந்தது. வண்டியும் நின்ற இடத்திலேயே நின்றது.