ஓபுராவைப் புதைக்க ஒரு பழம்

ஓபுரா உயிரோடுதான் இருக்கிறான் என்பது அவன் பெண்டாட்டி அவினோவுக்குத் தெரியும். போன மாதம் எல்லைப்புறத்து ஊரான புசியாவின் சந்தையில் கண்ணால் பார்த்தாள். தக்காளிக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் அதைப் பெற்றவள். அவினோ கூப்பிடவில்லை, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஊரைப் பொறுத்தவரை அவனை ஏரி கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. மீன் பிடிக்கப் போனவனின் படகு தீவுக்கரையில் கவிழ்ந்து கிடந்தது, ஆள் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு இந்த ஏரிக்கரை லுவோ இனத்தார் யாகோ பழத்தைப் புதைப்பார்கள். மரத்தில் சுரைக்காய் மாதிரித் தொங்கும் பழம் அது. அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, ஆளுக்குச் செய்யும் அத்தனை சடங்கையும் செய்து மண்ணைத் தள்ளிவிட்டால் ஆள் செத்தவன்தான். பிறகு அவனே நடந்து வந்து நின்றாலும் வாசலுக்குள் விடமாட்டார்கள்.

அவினோவுக்கு வேண்டியது அதுதான். இப்போதைக்கு அவள் சுமங்கலியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. புருஷன் செத்தான் என்று முடிவாகும்வரை அவன் இல்லாமல் வீட்டுக் கூரையை யாரும் பழுது பார்க்கக் கூடாது என்பதால் மழை வந்தால் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒழுகாத ஒரே மூலையில் சுருண்டு கிடந்தார்கள். உண்மையைச் சொன்னால் அவள் புருஷன் விட்டுட்டுப் போனவள். சொல்லாவிட்டால் புருஷன் செத்துப்போனவள். இரண்டாவது தேவலாம் என்று முடிவு செய்தாள். அதில் அவளுக்குப் பெரிய உறுத்தல் ஒன்றும் இல்லை.

ஆனால் பெரியவர்கள் ஒரு கொக்கி போட்டார்கள். படகு கிடந்த தீவிலிருந்துதான் பழம் வரவேண்டுமாம். தீவோ இப்போது வனவிலங்குப் பூங்கா, படகை விட்டால் போக வழியும் கிடையாது. ஓபுராவின் தம்பி ஓவிட்டி தன் படகை எடுத்தான்.

“என்ன அண்ணி, அண்ணனைக் கூட்டிட்டு வரப் போறோம். தலையைக் கொஞ்சம் வாரிட்டு வரக் கூடாதா?”

“அவருக்குத் தெரியாத தலையா? நீ நீர்யானை வருதான்னு பாரு. ஒரே சாவுக்கு ரெண்டு பழம் தூக்க என்னால ஆகாது.”

ஓவிட்டி சிரித்தான். அண்ணன் போனதிலிருந்து அவன் சத்தமாகத்தான் சிரிக்கிறான், அதைக் கேட்டால் அவினோவுக்கு எரிச்சலாக வரும்.

தீவில் இறங்கியதும் மேய்ந்துகொண்டிருந்த இம்பாலா மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டன. பச்சை உடுப்பில் காவலர் செபெட் வந்தாள். மலைப்பக்கத்துக் கலெஞ்சின் இனத்துப் பெண்.

“பழமா? இங்கேர்ந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. சுத்திப் பாருங்க, போட்டோ எடுங்க, கெளம்புங்க.”

“மேடம், நாளைக்குச் சாவு,” என்றான் ஓவிட்டி. “பந்தல் போட்டாச்சு, மாடு கட்டியாச்சு. பொணம் மட்டும்தான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டிருக்கு.”

“எங்க ஊர்ல பொணத்தை மரத்துல பறிக்கிறதில்ல.”

“உங்க ஊர்ல ஏரி எங்க இருக்கு, மேடம்?”

அவன் விடுவதாக இல்லை. கெஞ்சினான், வம்பிழுத்தான், மறுபடி கெஞ்சினான். இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று அவினோவே யோசித்தாள். செபெட் அவனை ஒதுக்கிவிட்டு இவளிடம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்கம்மா. செத்துட்டாருன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

அவினோ பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். படகு, காற்று, அன்றைய அலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

“என் பிள்ளைங்களுக்குச் செத்துட்டாரு,” என்றாள்.

செபெட் மேட்டில் நின்ற யாகோ மரத்தடிக்குப் போய், உதிர்ந்து கிடந்ததில் பெரிதாக ஒன்றைப் பூட்ஸ் காலால் தள்ளினாள். அது சரிவில் உருண்டு தண்ணீரில் விழுந்தது.

“தண்ணியில கெடக்கிறது என் கண்ணுல படாது. நான் வரிக்குதிரையைப் பார்க்கப் போறேன்.”

திரும்பி வரும்போது பழம் அவினோவின் மடியில் கிடந்தது. பாதி ஏரியில் ஆகாயத்தாமரை சூழ்ந்துகொள்ள, ஓவிட்டி இஞ்சினை நிறுத்தினான்.

“கனக்குதா அண்ணி?”

“ம்.”

“அண்ணன் இதைவிடக் கனம். தொப்பை போட்டுட்டான்.”

அவினோ பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க பார்த்த?”

“புசியாவுல. ஒரு வருஷம் இருக்கும். அம்மாகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல.” நிமிர்ந்து பார்த்தான். “ஏன் அண்ணி, நீ அதிரவே இல்லையே?”

“நானும் பார்த்தேன்.”

ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்து போயிற்று.

“இப்பவே சொல்லிரு,” என்றான் ஓவிட்டி. “இதை ஏரியிலேயே போட்டுட்டு, தரமாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லிக்கலாம். நாளைக்கு மண்ணு விழுந்துட்டா, அப்புறம் அவன் வந்தா நான்தான் வாசல்ல நின்னு துரத்தணும்.”

“உன்கிட்ட என்ன சொன்னாரு?”

அவன் படகை ஒட்டிய ஆகாயத்தாமரையைத் தள்ளிவிட்டான்.

“கையைப் புடிச்சுக்கிட்டான். ‘நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்டா’ன்னான்.”

“பிள்ளைங்களைக் கேட்டாரா?”

ஓவிட்டி இல்லையென்று தலையை ஆட்டினான்.

இத்தனை நாளும் தான்தான் அவனை ஏமாற்றிச் சாகடிப்பதாக அவினோ நினைத்திருந்தாள். அவன் முந்திக்கொண்டு தானாகவே செத்தவனாகிப் போயிருக்கிறான். சந்தையில் வராத அழுகை இப்போது வந்தது. ஈரப் பழத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

“அவரு கேட்டதைக் குடுத்துருவோம்,” என்றாள் கடைசியில். “இஞ்சினைப் போடு.”

“எல்லாத்தையும் இங்கயே அழுது தீர்த்துராத அண்ணி,” என்றான் ஓவிட்டி. “நாளைக்கு வேணும்.”

“நாளைக்கு அழறது ஊருக்கு.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு இஞ்சினைப் போட்டான்.