சாலோமியின் தலைமுடியில் கட்டிய புளியங்கொட்டை

1909-ஆம் வருஷம் கார்த்திகை வெள்ளம் வடிந்த பிறகு, கருங்கசத்துக் கெண்டைகள் மண்புழு தின்பதை நிறுத்திவிட்டன. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆறு வளைகிற இடத்தில், எந்தக் கோடையிலும் வற்றாத ஆழக் குழி அந்தக் கசம். பிண்ணாக்கு, தவிட்டு உருண்டை எதைப் போட்டாலும் கெண்டைகள் முகர்ந்து பார்த்துவிட்டு விலகின. வெள்ளத்தோடு போய் உடல் கிடைக்காதவர்கள் பதினொரு பேர். அவர்கள் உயிரோடிருந்தபோது எதை ஆசையாகத் தின்றார்களோ அதை மட்டுமே அவை தின்றன, அதுவும் ஆளுக்கு ஒரு கெண்டை வீதம். அந்த வருஷம் ஊரில் மிளகாய் விளைச்சல் சுமார்.

இது முதலில் தெரியவந்தது நேசையாவின் தூண்டிலில். மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்த அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஓடுகிற தண்ணீருக்கு ஈயக்குண்டு கட்டிய தூண்டில், நிற்கிற தண்ணீருக்கு மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, முள்ளுக்குப் பேட்டைக் கொல்லன் என்று எல்லாவற்றிலும் அவருக்குக் கண்டிப்பு உண்டு. கெண்டைக்கு வாயில் பல் இல்லை, தொண்டைக்குள்தான் அரைக்கும். இரையை உறிஞ்சிப் பார்த்து, முள் தட்டுப்பட்டால் துப்பிவிடும் என்பதையெல்லாம் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எதுவும் கடிக்காமல் அவர் அலுத்துப்போயிருந்தபோது, பக்கத்தில் பழைய சோறு தின்றுகொண்டிருந்த கூலிக்காரி இசக்கியம்மா ஒரு துண்டு வறுத்த கருவாடு கொடுத்தாள். தக்கை உடனே முங்கியது. கரையில் துள்ளிய மீனை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளு இப்படித்தான் கருவாட்டுக்கு முந்துவாவ. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. நான் சொல்லக்கூடாதுல்லா" என்றாள்.

"கருத்தையா" என்றார் நேசையா. மீன் துள்ளுவதை நிறுத்திவிட்டு அவள் மடியில் அடங்கிக் கிடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போனதற்காக அவள் அதைக் கொஞ்ச நேரம் ஏசினாள், பிறகு தண்ணீரில் விட்டாள்.

தெற்குத் தெருவில் ஆறு பேர் போயிருந்தார்கள். தை பிறப்பதற்குள் ஆறு பேரும் கிடைத்துவிட்டார்கள். வருஷா வருஷம் செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற ஜனங்கள் அவர்கள். யாருக்கு முட்டை, யாருக்குச் சுருட்டு என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். கோயில் தெருக் கிறிஸ்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். படையல் கூடாது என்று மூன்று தலைமுறையாக விட்டுவிட்டதில், செத்தவர்களின் நாக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கமே அவர்களிடம் இல்லை. கையில் கிடைத்த தின்பண்டத்தையெல்லாம் கட்டிக்கொண்டு நேசையாவிடம் வந்தார்கள். அவர் பக்கத்து வீட்டாரை விசாரித்து, சமையல் பாத்திரங்களைப் பார்த்து, இரண்டு வருஷத்தில் மீதி ஐந்து பேரையும் கரையேற்றினார். அவருக்கு நல்ல பெயர் வந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் தூங்க முடியாமல் கிடந்தார்.

ஏனென்றால் கசத்தில் பன்னிரண்டாவது ஆள் ஒருவன் இருந்தான். அவர் தம்பி பாக்கியசீலன். வெள்ளம் வந்த காலையில், கசத்தில் கட்டிவைத்த தூண்டில்களை எடுக்க வேண்டியிருந்தது. நேசையாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. "பைய இறங்கி எடுத்துட்டு வந்திருலே" என்று தம்பியை அனுப்பினார். சாயங்காலம் தம்பி மனைவி சாலோமி வாசலில் நின்று கேட்டபோது, அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி எட்டே மாதம். கொழும்புக்குப் போகவேண்டும் என்று பாக்கியசீலன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததால், தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிவிட்டான் என்று சொல்லிவிட்டார். ஒரு ராத்திரி அவள் தூங்கட்டும் என்று சொன்ன பொய் அது.

அது நாலு வருஷத்துக்கு மேல் ஓடியது. சாலோமி தபால்காரனைப் பார்த்துப் பார்த்து மெலிந்தாள். மூன்றாம் வருஷம், மனைவியை இழந்த வாத்தியார் வேதநாயகம் அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டார். தடை சொல்பவர் உண்டா என்று கேட்டு மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். புருஷன் செத்ததற்குச் சாட்சி இல்லாமல் வாசிக்க முடியாது என்றார் சபைப் போதகரான ஐயர். சபைக் காரியங்களைப் பார்க்கும் சேகரக் கமிட்டி கூடி, கெண்டையின் சாட்சியை ஏற்கலாம் என்று ஆறுக்கு இரண்டு வாக்கில் தீர்மானித்தது. அவன் ஒருவேளை வெள்ளத்தில் போயிருந்தால் தெரிந்துவிடும் அல்லவா. தூண்டில் போடும் பொறுப்பு நேசையாவுக்கே வந்தது.

புருஷனுக்குப் பிடித்தது எது என்று சாலோமி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று செய்து கொடுத்தாள். ஆட்டு ஈரல், ரவை உருண்டை, உடன்குடிக் கருப்பட்டி போட்ட ஆப்பம். எட்டு மாதத்தில் அவள் எதைக் கொடுத்தாலும் நல்லாயிருக்கு என்று தின்றவன் அவன். நேசையா ஒவ்வொன்றையும் முறைப்படி முள்ளில் கோத்துப் போட்டார். தக்கை அசையாது என்று அவருக்கு மட்டும் தெரியும். அசையாத ஒவ்வொரு சனிக்கிழமையும் சாலோமி, "அப்போ அவுக உசுரோடதான் இருக்காவ" என்று முகம் மலர்ந்து வீட்டுக்குப் போனாள். அதுதான் அவரை அறுத்தது. அம்மாவுக்குத் தெரியாமல் அடுப்புச் சாம்பலில் வறுத்த புளியங்கொட்டைதான் தம்பியின் உயிர். அது அண்ணனும் தம்பியும் மட்டும் அறிந்த திருட்டு.

இதற்கிடையில், அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பொதுவான சுவருக்குள் தினமும் மத்தியானம் கடக், கடக் என்று சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. நேசையாவின் மனைவி சாரம்மாள் எலிப்பொறி வைத்தாள். பொறி காலையில் நனைந்து கிடக்கும்.

1914 மாசியில் ஒரு நாள் சாலோமி சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நேசையாவிடம் வந்தாள்.

"எலி இல்ல அத்தான். எலி இப்படி ஒண்ணு ஒண்ணா நிறுத்திக் கடிக்காது. யாரோ புளியங்கொட்டை கடிக்குதாவ. அவுகளுக்கு அது பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"சின்னப்பிள்ளையில இருந்தே தெரியும், சாலோமி. அவன் கொழும்புக்குப் போகல. நாந்தான் ஆத்துக்கு அனுப்புனேன்."

அவள் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். உள்ளே போய்க் கொட்டைகளை வறுத்து, ஒரு பிடி எடுத்து வந்தாள். "தூண்டிலை எடுங்க" என்றாள்.

கசத்தின் கரையில் நேசையாவின் வித்தை தோற்றது. புளியங்கொட்டை கல் மாதிரி இருந்தது. எந்த முள்ளும் ஏறவில்லை. சாலோமி சருகைக் கொளுத்தி, கொண்டை ஊசியை அதில் காய்ச்சிக் கொட்டையில் துளை போட்டாள். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, துளையில் கோத்து, முள்ளுக்குக் கீழே ஒரு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டாள். உறிஞ்சும்போது கொட்டை முதலில் போகும், முள் சத்தமில்லாமல் பின்னால் போகும். முப்பது வருஷம் தூண்டில் போட்டவருக்கு இது தோன்றியதே இல்லை.

"முடி அறுந்துரும்" என்றார்.

"அறாது."

தக்கை பையச் சாய்ந்து, நின்று, முங்கியது. முழங்கை நீளக் கெண்டை. கரையில் அது அடித்த அடியில் இருவர் மேலும் சேறு. பேரைச் சொன்னால்தான் அடங்கும். சாலோமி நேசையாவைப் பார்த்தாள். அவர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை ஒரு தடவைகூட உச்சரிக்காத அவள் மீனை மடியில் எடுத்துக்கொண்டு, "பாக்கியசீலன்" என்றாள். மீன் அடங்கியது. அதன் தொண்டைக்குள் கொட்டை கடக் என்று உடைந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். விடும்போது முடியை அவிழ்க்காமல் அறுத்து அதனோடேயே விட்டாள்.

பங்குனியில் ஓலை வாசித்தார்கள், யாரும் தடை சொல்லவில்லை. சுவரில் சத்தம் நின்றது. நேசையா பிறகு ஆற்றுப் பக்கம் போகவில்லை. தண்ணீர்கூட வேறு யாராவது மொண்டு கொடுத்தால்தான் குடிப்பார். சாலோமி வேதநாயகத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். நேசையாவை எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

அடுத்த வருஷம் சேகரக் கமிட்டி ஒரு காரியம் செய்தது. சபைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதிக்கு அடுத்து, விரும்பி உண்பது என்று ஒரு பத்தி கோடு போட்டுச் சேர்த்தார்கள். எழுதும் வேலை நேசையாவுக்கு. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எழுதினார். தன் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. தான் போனால் யாரும் தேடிப் பிடிக்கக்கூடாது என்று அவர் நினைத்திருந்தார்.

வேதநாயகத்தின் பெயரைச் சரிபார்க்க வந்த சாலோமி அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"என்ன அத்தான் இது, காலியா கிடக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அவள் பேனாவை வாங்கி, மையில் தோய்த்து எழுதிவிட்டுப் போனாள். நேசையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சாம்பலில் வறுத்த புளியங்கொட்டை என்றுதான் எழுதியிருக்கும் என்று நினைத்தார். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் என்று இருந்தது. அது சரியாகவே இருந்தது.