இரண்டு டிரைவர் வண்டி

சென்றாயன் தூங்கும்போது சின்னண்ணன் எழுப்புவதில்லை. சின்னண்ணன் தூங்கும்போது சென்றாயனும் அப்படித்தான். கைமாற்றும் இடம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, முழங்காலில் இரண்டு தட்டு தட்டி, "எந்திரி, வண்டி உன்னுது" என்று சொல்ல வேண்டும். சென்றாயன் இளையவன் என்பதால், "எந்திரிங்கண்ணா, வண்டி உங்களுது" என்பான். நடுவில் எழுப்பினால் அதற்கு ஆபத்து என்று மட்டும்தான் பொருள். சேலத்து ஜவ்வரிசியை இந்தூருக்கு ஏற்றிப் போய், வெங்காயத்தோடு திரும்பிய அத்தனை வருடங்களில் அப்படி எழுப்ப நேர்ந்ததே இல்லை.

சென்ற ஆடியில் முதலாளி முருகானந்தம் லாரிகளை விற்றுவிட்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு கேஸ் டேங்கரை வாங்கினார். நாமக்கல்லில் பலரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"டேங்கருக்கு எப்படியும் ரெண்டு டிரைவர் வேணும். நீங்க ரெண்டு பேருமே ஏறிக்கங்க" என்றார். "ஆனா சும்மா ஏற முடியாது. மூணு நாள் கிளாசு போயி, லைசென்சுல பதிஞ்சுட்டு வரோணும்."

வெளியே வந்ததும் சென்றாயன் சிரித்தான். "இந்த வயசுல பள்ளிக்கூடமாங்கண்ணா? சிலேட்டு, பல்பமெல்லாம் வாங்கோணுமா?"

"வாடா, மத்தியானம் முட்டை போடுவாங்க" என்றார் சின்னண்ணன்.

வகுப்பறை குளுமையாக இருந்தது. சின்னண்ணன் மேசைமேல் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல வைத்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் வெள்ளை டேங்கர் ஒன்று நீண்டு கிடந்தது, தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டும் ஏதோ பெரிய மீனைப்போல. முதல் நாள் பதினோரு மணிக்கெல்லாம் சென்றாயனின் தலை தொங்கிவிட்டது. அவன் சோம்பேறி இல்லை. பக்கத்தில் அண்ணன் கண்ணைத் திறந்து முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் தூங்கலாம் என்று அவன் உடம்பு என்றோ கற்றுவைத்திருந்தது.

சின்னண்ணனின் கை அவன் முழங்கால்வரை போனது. ஆபத்து ஒன்றும் இல்லையே என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் பயிற்சி கொடுப்பவர் சொன்னார்: "கேஸை இறக்கிட்டா டேங்கர் காலின்னு நினைக்காதீங்க. உள்ள மிச்சம் இருக்கும். காலி வண்டிக்கும் அதே சட்டம்தான். பக்கத்துல தீக்குச்சி உரசக் கூடாது."

தேநீர் இடைவேளையில் இதைச் சென்றாயனிடம் சொல்லிவிடலாம் என்று சின்னண்ணன் நினைத்தார். ஆனால் தேநீர்க் கடையில் சென்றாயன், பயிற்சி கொடுப்பவர் கண்ணாடியை மூக்கில் தள்ளித் தள்ளிப் பேசுவதை நடித்துக் காட்ட, எல்லாரும் சிரித்தார்கள். சின்னண்ணனும் சிரித்தார். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. கடைசி நாள் கேள்வி கேட்டபோது சென்றாயனுக்குத் தீயணைப்பான் பற்றிய கேள்வி வந்தது, சரியாகச் சொன்னான். இருவருக்கும் சான்றிதழ் கிடைத்தது.

டேங்கர் ஷெட்டுக்கு வந்த அன்று காலையிலேயே இருவரும் துணி மூட்டை, தட்டு, தலையணையோடு வந்து கேபினில் இடம் பிடித்தார்கள். மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கேஸ் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி யுவஸ்ரீ பின்பக்கம் வால்வுகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவள் சரி என்றால்தான் வண்டியும் டிரைவர்களும் கேஸ் ஏற்றும் பிளாண்டுக்குள் போக முடியும்.

சின்னண்ணன் கேபினில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பினார். கண்ணாடிக்குள் சென்றாயன் தெரிந்தான். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் செய்வதுபோலவே முன்சக்கரத்தின் அருகே குந்தியிருந்தான். தரையில் ஒரு கற்பூரக் கட்டி. அவன் விரல்களுக்கிடையில் சின்னதாக ஒரு சுடர்.

சின்னண்ணன் குதித்து ஓடி, அதற்குள் பற்றியிருந்த கற்பூரத்தைச் செருப்புக்காலால் மிதித்துத் தேய்த்தார்.

"என்றா பண்றே!"

"காலி வண்டிதானுங்கண்ணா? லோடு ஏத்துனாத்தான தீ ஆகாது?" நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

யுவஸ்ரீ வந்து நின்றாள். தரையில் கறுப்பாய்த் தேய்ந்திருந்ததைப் பார்த்தாள். "கிளாசுல இதச் சொல்லலீங்களா?"

சென்றாயன் சின்னண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தூங்கி எழுந்தவன், எந்த ஊரைத் தாண்டியிருக்கிறோம் என்று கேட்பதுபோல இருந்தது. அவன் தூங்கினான், நான்தான் எழுப்பவில்லை என்று சொல்ல சின்னண்ணனுக்கு வாய் எழவில்லை. சொன்னால் சான்றிதழும் போய்விடும் என்று ஒரு பயம். எழுப்பாததற்கான காரணத்தை இந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது என்று ஒரு குழப்பம். அவர் அணைந்த கற்பூரத்தையே மறுபடி செருப்பால் தேய்ப்பதைப் பார்த்து, தான் தூங்கியபோது சொல்லியிருக்கிறார்கள் என்று சென்றாயன் தெரிந்துகொண்டான்.

"சொன்னாங்க அம்மணி" என்றான். "நாந்தான் மறந்துட்டனுங்க."

"கோவிச்சுக்காதீங்கண்ணா" என்றாள் யுவஸ்ரீ, சின்னண்ணனிடம். அவள் குரலும் இறங்கியிருந்தது. "பாத்துட்டு உட்டுட்டேன்னா அப்பறம் எனக்குத் தூக்கம் வராது. இவர பிளாண்டுக்குள்ள உட முடியாதுங்க."

முருகானந்தம் எவ்வளவோ பேசிப் பார்த்தார். பிறகு சென்றாயனின் தோளில் கை வைத்து, "வேற வண்டி எதுவும் இல்லையேப்பா எங்கிட்ட" என்றார்.

சென்றாயன் கேபினிலிருந்து தன் மூட்டையையும் தட்டையும் இறக்கினான். தலையணையை மட்டும் விட்டுவிட்டான். "இருக்கட்டுங்கண்ணா. உங்களுது சப்பையாப் போச்சு."

டேங்கருக்கு சரவணக்குமார் என்ற டிரைவர் வந்தான். கையும் பேச்சும் நிதானமானவன். "தூங்குங்கண்ணா, நான் பாத்துக்கறேன்" என்பான். "சரி சாமி" என்று சின்னண்ணன் சென்றாயனின் தலையணையில் படுத்துக் கண்ணை மூடுவார். ஆனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவருடைய வலது காலும் அழுந்தும். கேஸ் ஏற்றப் போகும் மங்களூர்வரைக்கும் தூக்கம் வராது.

தை மாதத்தில் ஒரு நாள் டேங்கர் சங்ககிரி பைபாஸில் டயர் மாற்ற நின்றது. அங்கிருந்து பஸ் பிடித்து சின்னண்ணன் எடப்பாடிப் பக்கம் சென்றாயன் வீட்டுக்குப் போனார். சென்றாயன் இப்போது ஒரு விசைத்தறிக் கூடத்தில் காவலுக்கு இருந்தான். மெலிந்திருந்தான், கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நல்லாக் கேளுங்க மாமா" என்றாள் அவன் மனைவி செல்லியம்மாள். "ஊட்டுக்கு வந்தாலும் கண்ண மூட மாட்டீங்கறாரு. கேட்டா தறிச் சத்தமாம். லாரிக்குள்ளயே கெடந்தவருக்குத் தறிச் சத்தம் என்ன பண்ணுது?" அவள் காப்பி போட உள்ளே போனாள்.

வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சின்னண்ணன் வலப்பக்கம், சென்றாயன் இடப்பக்கம். எதிரே ரோடு வெறுமையாய்க் கிடந்தது.

"அன்னைக்குக் கிளாசுல உன்னைய எழுப்பியிருக்கோணும்டா" என்றார் சின்னண்ணன், ரோட்டைப் பார்த்தபடியே.

"எதுக்குங்கண்ணா? ரோடு நல்லாத்தான இருந்துச்சு" என்றான் சென்றாயன்.

அதற்குமேல் அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே குரல் தேய்ந்தது. சின்னண்ணன் திரும்பிப் பார்த்தார். தலை தொங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, மார்பு சீராக ஏறி இறங்கியது.

செல்லியம்மாள் இரண்டு டம்ளர்களோடு வாசலுக்கு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சரவணக்குமார்தான்; டயர் மாற்றியிருப்பான். சின்னண்ணன் எடுக்காமல் போனை அமுக்கினார். எழுப்பிச் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். கையை நீட்டி சென்றாயனின் முழங்கால்மேல் வைத்தார். தட்டினால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது "எந்திரி, வண்டி உன்னுது" என்ற அந்த ஒரு வாக்கியம்தான்.

கையை எடுத்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்து, ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பையில் போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது.