வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் சிவப்புப் பொறிவண்டும்

காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு அக்கா அன்றுதான் நாற்றுப் பண்ணைக்கு வந்தாள். பசுமைக்குடிலின் கதவைத் திறந்ததுமே பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறியது. நாற்றுத் தட்டுகளுக்கு அடியில், நடைபாதையில், தண்ணீர்க் குழாயின் மேல் என்று பார்த்த இடமெல்லாம் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன.

முட்டைக்கோஸ் நாற்றின் சாற்றை அசுவினிப் பூச்சி உறிஞ்சினாலும் மருந்தடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். அசுவினியைத் தின்னட்டும் என்று குளிர்காலம் முழுக்க அந்த வண்டுகளைப் பெருக்கிவிட்டதும் அவள்தான். விற்பனையும் விளம்பரமும் தம்பியின் பொறுப்பு.

அவன் பக்கத்து அறையில் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"யாருடா மருந்தடிச்சது?"

"நான்தான்க்கா. இலையெல்லாம் ஒரே ஓட்டை. பச்சைப் புழு."

"சுத்தி வலை போட்ட குடிலுக்குள்ள புழு எப்படிடா வந்துச்சு?"

அவன் மென்று விழுங்கினான். வீடியோ எடுப்பதற்காக வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்துவந்து உள்ளே விட்டானாம். "பறக்கறப்ப அழகா இருந்துச்சு. நிறைய பேர் பாத்தாங்க. முட்டை போடும்னு தோணலக்கா."

"முட்டை போடத்தானேடா அது முட்டைக்கோஸைத் தேடி வருது. அதோட புழு இலையத் தின்னும். பொறிவண்டோட புழு இலையத் தொடாது, அசுவினியத்தான் தின்னும். இந்தத் தொழில்ல சோறு தின்னுட்டு இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"ரெண்டும் பூச்சிதானே. அதுக்குப் போய் இப்படிக் கத்துற. வண்டு போனா திரும்ப வளத்துக்கலாம்."

அவள் கையை நீட்டினாள்.

"வளக்கப் போறது யாரு, நீயா? குடில் சாவியக் குடு."

கொடுத்தான். துடைப்பத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். "ஒண்ணு விடாமக் கூட்டு. கூட்டி முடிக்கிற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்."

கால்களை உதைத்தவையும் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டன. இலைக்கு அடியில் ஒட்டிப் பிழைத்த அசுவினி, அடுத்த சில நாட்களில் தின்ன ஆளில்லாமல் பெருகி, குருத்தைச் சுருட்டியது. நாற்று முழுவதையும் பிடுங்கிக் குழியில் கொட்ட வேண்டியதாயிற்று.

கொட்டி முடித்த அன்று தம்பி போனை நீட்டினான். "வீடியோவ அழிச்சிட்டேன்க்கா."

"ஏன் அழிச்ச? செத்துக் கிடந்ததையும் சேத்துப் போட்டிருக்கணும். அதையும் அழகா இருக்குன்னு சொல்லுவாங்களான்னு பாத்திருக்கலாம்."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவளுக்குக் கோபம் தணியவில்லை. வண்டு வளர்க்கும் வலைப்பெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு, பொறிவண்டு கிடைக்குமா என்று வேலியோரப் புதரைப் பார்த்து நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

"நீ வராத," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.