எல்லாரும் எழுதிய ஒரே வரி

என் மாமனார் என்ன நினைப்பில் தன் பிள்ளைக்கு வல்லரசு என்று பேர் வைத்தாரோ தெரியாது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு மளிகைக் கடையிலா உட்கார முடியும்? பட்டாளத்துக்குப் போனார். இருபது வருஷம் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து, அவில்தாராக ஓய்வு பெற்று, போன தை மாதம் ஒரு இரும்புப் பெட்டியோடு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். பெட்டியில் இருந்ததைவிட வாய்க்குள் பூட்டி வைத்திருந்தது ஜாஸ்தி.

கடைசிச் சில வருஷம் அவருக்கு வேறு மாதிரிப் பயிற்சி. துப்பாக்கி இல்லை, கம்ப்யூட்டர்தான். எதிரி பொய்ச் செய்தியைப் பரப்பினால் அது எங்கிருந்து கிளம்புகிறது, யார் கிளப்புகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். தகவல் போர் என்று அதற்குப் பேர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேலே கேட்டால், "அதெல்லாம் சொல்லக் கூடாது ரேவதி" என்பார். நான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற பிரிவில் வேலை பார்க்கிறேன். மாவட்டத்தில் இருக்கிற எல்லார் வீட்டு விஷயமும் என் மேசைக்கு வரும், என் வீட்டு விஷயத்தைத் தவிர.

கல்யாணமான இந்தப் பதினேழு வருஷத்தில் நாங்கள் நேரில் பேசியது கம்மி. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் "சாப்டீங்களா" என்று அனுப்புவேன். முதலில் எஸ்.எம்.எஸ்., அப்புறம் வாட்ஸ்அப். அவர் "ம்" என்று பதில் போடுவார். சில சமயம் அந்த "ம்" மறுநாள் வரும். ஒரே ஒரு எழுத்துக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

திரும்பி வந்தவருக்கு ஊரில் எல்லாரும் சொன்ன வேலை ஒன்றுதான்: செக்யூரிட்டி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலையும் கிடைத்தது. தங்க இடம் கொடுத்து, ஒன்றாம் தேதி வரச் சொன்னார்கள். பையன் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். இவரும் கிளம்பினால் நான் மறுபடியும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "இனிமே ஒரு ஒன்பது மணி மெசேஜ் கூட என்னால அனுப்ப முடியாதுங்க. இங்கயே ஒரு வேலையப் பாருங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் தீக்ஷாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். வந்தவாசிப் பக்கம் சமண வீட்டுப் பெண். அப்பா நெல் பயிர் வைக்கிறவர். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு வந்து, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி ஒரு காபிக் கடை மாடியில் "மலைவாசல்" என்று ஒரு ஆப் நடத்துகிறாள். கிரிவலத்துக்கு வருகிறவர்கள் அதில் ரூம் போடலாம். தங்கியவர்கள் அதிலேயே நல்லது கெட்டதை எழுதலாம். அப்படி எழுதுவதில் போலி எது என்று பார்க்க அவளுக்கு ஆள் தேவைப்பட்டது.

இன்டர்வியூவில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். இவர் எழுந்து விறைப்பாக நின்று, "சொல்ல அனுமதி இல்ல மேடம்" என்றாராம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உக்காருங்கண்ணா. செஞ்சதச் சொல்ல வேணாம். என்ன செய்வீங்க, அதச் சொல்லுங்க."

"பொய்யக் கண்டுபிடிப்பேன் மேடம்."

ஒரு மாசம் பார்க்கலாம், சரிப்பட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து பர்மனென்ட் என்று சொல்லி அனுப்பினாள். ஆக ஒன்றாம் தேதி இவர் செங்கம் ரோட்டில் இருப்பாரா, ஸ்ரீபெரும்புதூரில் இருப்பாரா என்பது அந்த ஒரு மாசத்தின் கையில் இருந்தது.

இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு கதவு திறக்கும் முன்பே போய் மாடிப்படியில் காத்திருப்பார். கீழே காபி குடிக்க வந்த வெள்ளைக்காரர்கள் இவரை வாட்ச்மேன் என்று நினைத்து, செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்களாம். இவரும் இடம் காட்டியிருக்கிறார். ஆனால் வேலையில் கெட்டி. தன் லாட்ஜைத் தானே பத்துப் போலிப் பேரில் புகழ்ந்துகொண்டிருந்த ஒருவரை முதல் வாரமே பிடித்துக் கொடுத்தார். தீக்ஷா வாயெல்லாம் அண்ணன் புராணம்தான். எனக்கும் நம்பிக்கை வந்து, அவருக்கு இன்னும் இரண்டு சட்டை எடுத்தேன்.

அந்த மாசப் பௌர்ணமி முடிந்த மறுநாள், வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஒரு பளபளப்பு. தட்டில் சோறு போட்டதும் தானாகவே வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"இதெல்லாம் சொல்லலாமா?" என்றேன்.

"இது சிவிலியன் வேலைதானே, சொல்லலாம்."

விஷயம் இதுதான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரசுராமன் என்பவரின் லாட்ஜைப் பற்றி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வரியை எழுதியிருந்தார்கள். "ராத்திரி பூரா தண்ணி வரல, கேக்க ஆளும் இல்ல, பொம்பளைங்க நாங்க ரொம்ப கஷ்டப்பட்டோம்." எழுத்துக்கு எழுத்து ஒன்றே. எல்லாமே அன்று காலையில்தான் ஆப்பில் சேர்ந்த கணக்குகள். அரை மணி நேரத்துக்குள் அத்தனையும் வந்திருக்கிறது.

"ஒரே வரி, ஒரே நேரம், புது ஆளுங்க. பயிற்சியில முதல் பாடமே இதான் ரேவதி. இது திட்டம் போட்ட தாக்குதல். பக்கத்துத் தெரு லாட்ஜ் கோதண்டராமன் வேலையாதான் இருக்கும். ரிப்போர்ட் குடுத்துட்டேன். தீக்ஷா எல்லாத்தையும் எடுத்துட்டு, பரசுராமனுக்கும் சொல்லிட்டாங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல எங்க ஆபீஸ் வாசல்ல சுப்பன்னு ஒருத்தர் மனு எழுதறாரு. ஒரு ஊருக்கு ரோடு இல்லைன்னா நாப்பது பேரும் அவருகிட்டதான் எழுதுவாங்க. நாப்பது மனுவும் ஒரே மாதிரி இருக்கும். அதுக்காக ரோடு இருக்குதுன்னு ஆயிடுமா?"

"அது வேற. அவங்க உன் எதிர்ல நிக்கிறாங்க. இங்க முகம் தெரியாது."

"முகம் தெரியலைன்னா எதிரியா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க? அங்க எதிரி இருந்தான், சரி. ரூம் போட்டுத் தூங்கிட்டுப் போறவங்கள்ல யாருங்க எதிரி?"

அவர் எழுந்து தட்டைக் கழுவி வைத்தார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இவர் சொன்னது தப்பு என்று ஆனால் யாருக்கு நஷ்டம்? மாசக் கடைசி நெருங்குகிறது. நானே என் புருஷனை ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் பார்த்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் நான் ஆபீசில் இருக்கும்போது தீக்ஷா போனில் கூப்பிட்டாள். காலையில் ஆபீசுக்கு வந்ததும் அண்ணன் போனை எடுத்து, அந்தக் கணக்குகளில் ஒன்றில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டாராம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாராம். எடுத்தது சோளிங்கர் பக்கத்திலிருந்து தங்கம்மாள் என்று ஒரு அம்மா.

"அம்மா, லாட்ஜப் பத்தி எழுதியிருக்கறது நீங்கதானா?"

"எனக்கு எழுத வராதுப்பா. எங்க மகளிர் குழுவுல கீர்த்தனான்னு ஒரு காலேஜ் பொண்ணு. திரும்பி வர்றப்ப பஸ்சுல எல்லார் போனையும் வாங்கி அவதான் போட்டுக் குடுத்தா. ஏம்பா, தப்பா எழுதிட்டாளா?"

"தண்ணி வரலையாம்மா?"

"வரலப்பா. பதினாலு கிலோமீட்டர் மலையச் சுத்திட்டு வந்து கால் கழுவத் தண்ணி இல்ல. வயசுப் பொண்ணுங்க வேற இருந்துது, என்ன பண்ணும்? எழுதனதையும் யாரோ எடுத்துட்டாங்களாம். எங்களப் பொய்க்காரிங்கன்னு நெனச்சிட்டாங்களாப்பா?"

அண்ணன், "நான்தாம்மா எடுத்தேன். இன்னிக்கே திரும்பப் போட்டுடறேன்" என்றாராம். போனை வைத்துவிட்டு எழுந்து நின்று, "என் ரிப்போர்ட் தப்பு மேடம். கோதண்டராமன் மேல பழி சொன்னதும் தப்பு" என்றாராம்.

"எனக்குக் கோவம்தான்க்கா," என்றாள் தீக்ஷா. "எல்லாம் திரும்ப வந்ததப் பாத்துட்டு பரசுராமன் கத்து கத்துன்னு கத்திட்டு எங்கள விட்டே போயிட்டாரு. அண்ணன வெச்சிக்கறதா வேணாமான்னு மத்தியானம் வரைக்கும் யோசிச்சேன்."

நான் மனுக்கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"போன் பண்ணிக் கேக்கணும்னு எப்படித் தோணிச்சுன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். அவரு சொன்னத உங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லும்மா."

"'என் வீட்டுக்காரம்மா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே வார்த்தைய அனுப்புவாங்க. என் யூனிட்ல எல்லார் போன்லயும் அதே நேரத்துல அதே வார்த்தைதான் வரும். காலையில டீ குடிக்கும்போது பழைய மெசேஜெல்லாம் மேல தள்ளிப் பாத்தேன். நான் படிச்ச படிப்புப்படி பாத்தா அது அத்தனையும் போலி மேடம். அத விட நெஜமா எனக்கு ஒண்ணும் வந்ததில்ல.' இப்படிச் சொன்னாருக்கா."

நான் அழுதேன். ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல், முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதேன். ஒரு "ம்"முக்குள் இவ்வளவையும் வைத்துக்கொண்டு பதினேழு வருஷம் இருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

"அக்கா, இருக்கீங்களா? அண்ணனுக்குன்னு தனியா ஒரு போன் வாங்கியாச்சு. இனிமே யாரத் தடுக்கறதா இருந்தாலும் முதல்ல கூப்பிட்டுக் கேக்கணும், அது ஒண்ணுதான் கண்டிஷன். ஒண்ணாம் தேதிலேர்ந்து அண்ணன் எங்க ஆளு."

அவள் வைத்த கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். பரேடு மைதானத்தில் பேசுகிற அதே குரல்.

"வணக்கம். மலைவாசல்லேர்ந்து வல்லரசு பேசறேன். உங்ககிட்டேர்ந்து தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே மெசேஜ் வந்திருக்கு. அது நெஜமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

நான் மனுக்கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"நெஜந்தாங்க. முழுப் பதில்தான் இன்னும் வரல."

அந்தப் பக்கம் செங்கம் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது.

"சாப்ட்டேன் ரேவதி," என்றார். "நீ சாப்ட்டியா?"